ஆறு சக்கரமா, குவாடா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், உதவுங்கள்

புதுவரவு
எல்லோருக்கும் வணக்கம். வந்து இறங்கிப் பெட்டிகளைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. வேலை வெளிக்களத்தில். எனக்கென்று ஒரு வண்டி வாங்கப் போகிறார்களாம். "ஓட்டப் போவது நீதான், எது வேண்டும் என்று நீயே சொல்" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்று ஆறு சக்கரம் வைத்த வண்டி, தண்ணீரிலும் மிதக்குமாம். இன்னொன்று பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர குவாட். இரண்டையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் இவளை ஏன் எடுத்தோம் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எது நல்லது? அவசரம்.

வாடைக்காற்று
குவாட். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பான், உதிரிபாகம் கிடைக்கும், வேகமாகப் போகலாம், சஸ்பென்ஷன் இருப்பதால் இடுப்பு பிழைக்கும். நான் வந்த புதிதில் ஒரு பண்ணையில் வேலை. குளிர்காலம். விடியுமுன் எழுந்து வேலியைச் சுற்றி வர வேண்டும், கை விறைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பேச ஒரு ஆள் கிடையாது. அந்தக் குவாட் மட்டும்தான் துணை. முதல் சில மாதம் எல்லோருக்கும் அப்படித்தான் தங்கச்சி, பழகிவிடும்.

சேற்றுக்கால்
வாடைக்காற்று அண்ணா, மன்னிக்கவும், அவர் என்ன வேலை செய்கிறார், தரை எப்படி என்று கேட்காமலே குவாட் என்று சொல்லிவிட்டீர்கள். மேய்ச்சல் நிலத்துக்கு அது சரி. இளகிய நிலமென்றால் குவாட் முழங்கால் வரை இறங்கி நிற்கும், அப்புறம் வண்டியை வெளியே இழுக்கும் வின்ச்சை மாட்ட மரம் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆறு சக்கரத்தில் காற்று மிகக் குறைவாக அடைத்த அகலமான டயர்கள். ஆர்கோ கம்பெனியின் வண்டி போன்றவற்றில் காற்றழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐதான். கார் டயரில் முப்பதுக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். எடை ஆறு இடத்தில் பரவுவதால் மனிதன் நடந்தால் புதைகிற இடத்தில்கூட வண்டி மேலேயே நிற்கும். போதாவிட்டால் டயர்களின் மேலேயே ரப்பர் பட்டை மாட்டி டாங்கி போல ஓட்டலாம். நான் நாலு வருடமாக அதைத்தான் ஓட்டுகிறேன். ஆறு சக்கரம்தான்.

வாடைக்காற்று
நீங்களும் என்ன வேலை என்று கேட்கவில்லையே தம்பி.

பழையபதிவு
கொஞ்சம் வரலாறு. ஹோண்டா 1970-ல் மூன்று சக்கர வண்டியை விற்க ஆரம்பித்தது, பலூன் மாதிரி டயர். திருப்பத்தில் கவிழ்வதில் அது பேர்போனது. சுசுகி 1982-ல் நான்காவது சக்கரம் சேர்த்தது. அமெரிக்காவில் மூன்று சக்கரம் புதிதாக விற்பது 1988-ல் நின்றது. மிதக்கும் ஆறு சக்கரம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஆர்கோ கனடாவில், ஒன்டாரியோவில் 1967-லிருந்து வருகிறது. புதுமோகம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

இரவுப்பணி
வரலாறு இருக்கட்டும். புதிதாக வந்த பெண்ணிடம் இந்த முடிவை விட்டிருக்கும் மேலாளரைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் முதல் வேலையிலும் இதே கதை. "உனக்கு எது வசதியோ அதைச் செய்" என்பார்கள். ஏதாவது தப்பானால் "நீதானே சொன்னாய்" என்பார்கள். பயிற்சி கேட்டால் யூடியூபில் பார் என்பார்கள். ஊரில் ஓட்டிய அனுபவம் செல்லாது, இங்கு அனுபவம் வேண்டும் என்பார்கள். அந்த அனுபவத்தை யார் தருவார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

வாடைக்காற்று
அது உண்மை. எனக்கு லைசென்ஸ் மாற்றவே அரை வருடம் ஓடிவிட்டது. படிவத்தில் ஒரு எழுத்து மாறிவிட்டதாம்.

இரவுப்பணி
எனக்குக் குடும்பப் பெயர் எது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், இன்றுவரை.

சேற்றுக்கால்
இங்கே கடிதம் வந்தால் அப்பாவுக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஓரக்கரை
பெயர்ப் பஞ்சாயத்துக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், நானும் வந்து சேர்கிறேன். அந்தப் பெண் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

புதுவரவு, சிலது சொல்லுங்கள். தரை சேறா, பாறையா, புல்லா? சரிவு உண்டா? தண்ணீர் என்றால் குட்டையா, ஓடுகிற ஆறா? தனியாகவா, கூட யாராவது வருவார்களா? என்ன சுமை? இதற்கு முன் என்ன ஓட்டியிருக்கிறீர்கள்? கடைசியாக, நீந்தத் தெரியுமா?

புதுவரவு
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையுமே எழுதவில்லை. பாசி படர்ந்த பெரிய சதுப்பில் ஆய்வுக்கு மண் மாதிரிகள் எடுக்கும் வேலை. கூட ஒருவர் எப்போதும் வருவார். குழாய், கருவிப் பெட்டி, திரும்பும்போது ஈரமண் நிரம்பிய பெட்டிகள். சாலையிலிருந்து சதுப்பு வரை கரடுமுரடான கல் பாதை, சில கிலோமீட்டர். சதுப்பின் நடுவில் ஒரு ஓடை, மழைக்குப் பிறகு வேகமாக ஓடுமாம். சரிவு கடைசியில் கொஞ்சம் மட்டும். நான் ஓட்டியது ஸ்கூட்டர்தான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

சேற்றுக்கால்
பார்த்தீர்களா! சதுப்பு. ஆறு சக்கரம். முடிந்தது.

வாடைக்காற்று
கல் பாதையைப் படிக்கவில்லையா? ஆறு சக்கரத்தில் பெரும்பாலும் சஸ்பென்ஷனே கிடையாது, டயரில் உள்ள காற்றுதான் எல்லாம். அத்தனை தூரம் கல்லில் தூக்கித் தூக்கிப் போட்டால் போய்ச் சேருவதற்குள் பல் ஆடிவிடும். அதோடு செயின். எஞ்சினிலிருந்து சக்கரங்களுக்கு விசை செயின் வழியாகத்தான் போகிறது. இறுக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், அச்சுகளின் பேரிங்குக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது?

சேற்றுக்கால்
நான் செய்கிறேனே. ஒரு மாலை நேர வேலை. குவாடில் மட்டும் ஒன்றும் இல்லையா? தண்ணீர் ஏறினால் விசையைக் கடத்தும் பெல்ட் நழுவும், காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினே போச்சு.

ஓரக்கரை
இருவரும் சொல்வது சரிதான், ஆனால் புதுவரவுக்கு முக்கியமானது வேறு இரண்டு விஷயம்.

முதலாவது, கூட வருகிறவர். பெரும்பாலான குவாட்கள் ஒருவருக்காகவே செய்யப்பட்டவை. இருக்கை நீளமாக இருக்கிறதே, பின்னால் ஒருவர் உட்காரலாமே என்று தோன்றும். அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு. மேடு ஏறும்போது உடம்பை முன்னால் தள்ளுவதும், குறுக்குச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய்வதும் அதை ஓட்டுவதிலேயே சேர்ந்தவை. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நகர இடம் இல்லை, எடையும் தவறான இடத்தில் விழுகிறது. குவாட் சாவுகளில் பெரும்பங்கு கவிழ்ந்து அடியில் சிக்குவதால்தான். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் புதிய குவாட் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் காப்புச் சட்டகம் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. இருவர் உட்காரும்படி செய்த குவாட்களும் உண்டு, அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். உங்களிடம் ஈரமண் பெட்டிகளும் இருக்கின்றன. பின் தட்டில் உயரமாகச் சுமை ஏற்றிய குவாட் திருப்பத்தில் என்ன செய்யும் என்பதை ஸ்கூட்டர் பழக்கம் சொல்லித் தராது. ஸ்கூட்டர் திருப்பத்துக்குள் தானாகச் சாயும். குவாட் சாயாது, நீங்கள்தான் சாய வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் முதல் நாளே தடுமாறுவது இதில்தான்.

இரண்டாவது, மிதப்பது. மேலாளருக்கும் அதுதான் கண்ணில் படுகிறது என்று நினைக்கிறேன். மிதக்கும் என்பதை மறந்துவிட்டு இந்த வண்டியைப் பாருங்கள். உங்களுக்கு அது தருவது பக்கத்தில் ஆள் உட்கார இடம், சுமைக்குத் தொட்டி, புதையாத டயர். இந்த மூன்றுக்காக வாங்கலாம். ஓடைக்காக வாங்காதீர்கள்.

புதுவரவு
ஓடையைக் கடக்கத்தானே அது என்று நினைத்தேன்?

ஓரக்கரை
தண்ணீரில் அதை நகர்த்துவது சுழலும் டயர்களின் வரிப்பள்ளம்தான். நடக்கிற வேகத்தைத் தாண்டாது. நீரோட்டம் அதைவிட வேகமாக இருந்தால் நீங்கள் அக்கரை போக மாட்டீர்கள், ஓடையோடு போவீர்கள். பலத்த காற்றுக்கும் அதே கதை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அதிக உயரம் கிடையாது, அதனால் தண்ணீரில் ஏற்றக்கூடிய சுமை தரையில் ஏற்றுவதைவிடக் குறைவு. கையேட்டில் இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கும். ஈரமண்ணோடு திரும்பும்போதுதான் சுமை அதிகம் என்பதை மறக்க வேண்டாம். ஏறும் கரையும் சாய்வாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய கரை என்றால் முன் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும், பின்பக்கம் இறங்கித் தண்ணீர் உள்ளே வரும்.

குளம், தேங்கிய குட்டை, அசையாத நீர், இவற்றுக்கு அருமையான வண்டி. மழைக்குப் பிறகு பாயும் ஓடைக்கு, நீச்சல் தெரியாத ஒருவர் கையில், கூடாது.

இரவுப்பணி
ஓரக்கரை அக்கா சொல்வதை அப்படியே மேலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள். நான் வந்த முதல் வருடம்...

ஓரக்கரை
அந்தக் கதை இருக்கட்டும், எழுத்தில் அனுப்பச் சொன்னது நல்ல யோசனை.

வாடைக்காற்று
கல் பாதைக்கு இன்னும் பதில் வரவில்லை.

புதுவரவு
அதைச் சொல்ல மறந்துவிட்டேன், அலுவலகத்தில் ஒரு பிக்கப் இருக்கிறது. கல் பாதையின் மறுமுனை வரை அது போகும். டிரெய்லரும் பார்த்தேன்.

வாடைக்காற்று
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு வாய்ச்சண்டை தேவைப்பட்டிருக்காது. சரி, டிரெய்லரில் ஏற்றிப் போய்ச் சதுப்பு ஓரத்தில் இறக்கினால் ஆறு சக்கரம் வாங்கலாம். ஆனால் பிக்கப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடும் நாளில் என்ன செய்வீர்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். எல்லா அலுவலகத்திலும் வண்டி ஒன்று, கேட்பவர் பத்து. பிக்கப் கிடைக்காது என்றால் நான் இன்னும் இருவர் குவாட் பக்கம்தான்.

சேற்றுக்கால்
ஓட்டுவது பற்றிக் கொஞ்சம். ஆறு சக்கரத்தில் எந்தச் சக்கரமும் கார் மாதிரி திரும்பாது. பழையவற்றில் இரண்டு நெம்புகோல், இப்போதைய ஆர்கோவில் கைப்பிடி. எதுவானாலும் ஒரு பக்கச் சக்கரங்களை மெதுவாக்கித்தான் திரும்பும். அதனால் திரும்பும் இடத்தில் பாசியைப் பிய்த்துவிடும். உங்கள் வேலை அந்தச் சதுப்பையே ஆராய்வது என்றால் இது முக்கியம். கூர்மையாகத் திரும்பாமல் பெரிய வட்டமாகத் திருப்பிப் பழகுங்கள். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகவும் வேண்டாம்.

குளிர் நாடு என்றால் இன்னொன்று. வண்டியின் அடித்தொட்டிக்குள் தங்கிய தண்ணீர் இரவில் உறைந்தால் செயினும் பிரேக்கும் பனியில் பிடித்துக்கொள்ளும். மாலையில் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு நிறுத்துங்கள். காலையில் அந்தப் பிளக்கை மறுபடி மூடினீர்களா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். வண்டி மூழ்கிய கதைகளில் பாதி அங்கேதான் தொடங்கும்.

ஓரக்கரை
இதைத்தான் எழுதச் சொல்வேன்: இருவர், சுமை, சதுப்பு, ஆகவே ஆறு சக்கரம். டிரெய்லரும் பிக்கப்பும் களநாட்களில் உறுதியாக வேண்டும். ஓட்டும் முன் முறையான பயிற்சி வேண்டும். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், தண்ணீர் இறைக்கும் பம்ப், ஒரு வின்ச். ஓடையைக் கடக்க வேறு வழி எது என்று அவர்களையே கேளுங்கள். "தெரியாது" என்று எழுத வேண்டியதில்லை, இவையெல்லாம் தெரிந்தவர் கேட்கும் கேள்விகள்.

எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை நீங்கள். லைசென்ஸ், பதிவு, காப்பீடு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுவரவு
அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்தது! பயிற்சி உண்டாம், வண்டி விற்பவர்களே வந்து தருவார்களாம். பிக்கப்புக்கு அட்டவணை போடுகிறார்களாம். ஓடையின் மேல் பாலமே இருக்கிறதாம், அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி, வாடைக்காற்று அண்ணாவுக்கும் சேர்த்து.

வாடைக்காற்று
பாலம் எவ்வளவு அகலம்? ஆறு சக்கரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். நடைபாலமாக இருந்தால் வண்டி ஏறாது. குவாட் என்றால் ஒருவேளை ஏறியிருக்கும். வண்டிக்குக் கையெழுத்துப் போடும் முன் டேப்போடு போய் அளந்துவிட்டு வாருங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று பலகை ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.