இரண்டு நம்பர், ஒரே வாய்ஸ்மெயில் பெட்டி: எப்படிப் பிரிப்பது?

கோவையில் எங்கள் மோட்டார் பம்ப் கடைக்கு ஒரே சிப் டிரங்கில் (இணையம் வழியே வரும் தொலைபேசி இணைப்பு) இரண்டு நம்பர்கள். ஒன்று விற்பனை, இன்னொன்று சர்வீஸ். கடை மூடிய பிறகு வரும் அழைப்புகள் முறையே 201, 202 எக்ஸ்டென்ஷன்களின் வாய்ஸ்மெயிலுக்குப் போக வேண்டும். எல்லாமே 201-க்குத்தான் போகின்றன. கிணற்று மோட்டார் நின்றுபோன ஒருவரின் புகார் இரண்டு நாள் விற்பனைப் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தது.

அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் மென்பொருள் ஃப்ரீபிபிஎக்ஸ் 16, அதன் அடியில் ஆஸ்டரிஸ்க் 18, பிஜேசிப் வகை டிரங்க். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஓடுகிறது. மூன்று வாரம் முன்பு டிரங்க் கொடுக்கும் நிறுவனத்தை மாற்றினோம், அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை.

இரண்டு நம்பருக்கும் தனித்தனி இன்பவுண்ட் ரூட் (உள்ளே வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதி) உண்டு. +91 சேர்த்து, 0 சேர்த்து, வெறும் 10 இலக்கமாக என்று எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தாயிற்று. மசியவில்லை. டிஐடி (வாடிக்கையாளர் அடித்த நம்பருக்கான இடம்) காலியாக விட்ட பொது ரூட்தான் எல்லா அழைப்பையும் பிடிக்கிறது. அதை நீக்கினால் எந்த அழைப்பும் உள்ளே வருவதில்லை. கடைக்குள்ளிருந்து 202-க்கு அடித்தால் மட்டும் வாய்ஸ்மெயில் ஒழுங்காகப் பதிவாகிறது.

சிப் லாக்கைப் பார்த்தேன். அழைப்பைத் தொடங்கும் செய்தியின் முதல் வரியான இன்வைட் வரியில் எங்கள் டிரங்க் யூசர்நேம்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் அடித்த நம்பர் அதே செய்தியின் டூ (To) ஹெடரில் மட்டும் வருகிறது. நிறுவனத்தில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறார்கள்.

டூ ஹெடரில் வரும் நம்பரை வைத்து இன்பவுண்ட் ரூட் தேர்வாக, டிரங்கின் கான்டெக்ஸ்டில் (உள்ளே வரும் அழைப்பை எந்த விதித்தொகுப்பு கையாள வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) என்ன மாற்ற வேண்டும்?