நாடே அடைத்துக் கிடக்கும் நாளில் வெளியூரில் மாட்டிக்கொண்டால்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கட்டிலிருந்து தம்பி கேட்டிருந்தார்: "நாட்டுல ஏதாவது ஒரு பெரிய துக்கம் நடந்து விமானத்தை எல்லாம் நிறுத்திட்டா, ஏர்போர்ட்ல போய் உட்காரணுமா, ரூம்லயே இருக்கணுமா?"

ரூமிலேயே இருங்கள் தம்பி. முதலில் வந்து காத்துக் கிடந்தவருக்கு முதல் சீட்டு என்று ஏர்போர்ட்டில் ஒரு வரிசையும் கிடையாது. கையில் ரத்தாகாத டிக்கெட் வைத்திருப்பவரும், தூதரகப் பட்டியலில் பெயர் ஏறியவரும்தான் முதலில் கிளம்புவார்கள்.

அதனால் பதற்றத்தில் டிக்கெட்டை நீங்களே ரத்து செய்துவிடாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். விமானக் கம்பெனியே ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது வேறு தேதி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும். ரத்து என்று அவர்கள் அனுப்பும் மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். விசா தேதி தாண்டினால் அதுதான் உங்கள் சாட்சி.

நம்மூர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று. துபாய்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–மதுரை தனியாக இன்னொரு டிக்கெட் என்று மலிவு பார்த்து எடுப்போம். முதல் விமானம் நின்றால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் பொறுப்பில்லை. நீங்கள் வராதவர் கணக்கில் போய்விடுவீர்கள், பணமும் போகும். முடிந்தவரை ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) மதுரை வரை எடுங்கள்.

எத்தனை நாள் மூடிக் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அமெரிக்க வான்வெளியை மூடினார்கள்; இரண்டு நாளில் விமானங்கள் மெல்ல ஓடத் தொடங்கின. கொரோனாவில் இந்தியா 2020 மார்ச் 22 அன்று வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவந்த முதல் வந்தே பாரத் விமானம் மே 7 அன்றுதான் கிளம்பியது. வழக்கமான சேவை முழுதாகத் திரும்பியது 2022 மார்ச் 27. ஆகவே கைப்பையை இரண்டு நாளுக்கும், அறையை ஆறு வாரத்துக்கும் தயார் செய்து வையுங்கள்.

கைப்பை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2001-ல் கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்களை இறக்கினார்கள். பயணிகள் வெளியே வந்தார்கள், செக்-இன் பெட்டிகள் விமானத்துக்குள்ளேயே கிடந்தன. சுகர், பிரஷர் மாத்திரை பெட்டிக்குள் இருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். மாத்திரை சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நம்மூர்க் கம்பெனிப் பெயர் அங்கே கடைக்காரருக்குத் தெரியாது. திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். எந்த வகைக்கு எத்தனை நாள் என்று அட்டையில் இருக்கும்.

விமானம் நின்ற அன்றே தூதரக இணையதளத்தில் பெயர் பதியுங்கள். 2020-ல் முதல் கட்ட விமானங்களுக்குப் பட்டியல் போட்டதே அந்தப் பதிவை வைத்துத்தான். கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியவர்கள், வேலை போனவர்கள், வீட்டில் கேதம் (சாவு) ஆனவர்கள் என்று முன்னுரிமை பார்த்தார்கள். "ஸ்பெஷல் பிளைட்ல சீட்டு இருக்கு, முன்பணம் போடுங்க" என்று வரும் வாட்ஸ்அப்பை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகல், போட்டோ, பழைய பாஸ்போர்ட் நகல் மூன்றோடு அவசரச் சான்றிதழ் கேளுங்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். தங்கவும் சாப்பிடவும் உண்மையிலேயே வழியில்லை என்றால், 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வெட்கப்படாமல் எழுத்தில் கேளுங்கள்.

விசா தேதி முடியும் முன்பே குடியேற்றத் துறைக்கு மெயில் போடுங்கள். முடிந்தபின் போட்டால் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மன்றாட வேண்டி வரும்.

வழியைப் பற்றி. சென்னையை மட்டும் நம்பாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே மூடிக் கிடந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2018 ஆகஸ்டில் கொச்சிக்கும் அதே கதி. எனவே திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி, கோவை எல்லாவற்றையும் தேடுங்கள். திருச்சியில் இறங்கினால் மதுரைக்குச் சுமார் 135 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் மாட்டுத்தாவணி பஸ் நிலையம். கடல் வழியும் திறக்கலாம்: 2020-ல் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் கொழும்பு, மாலே, ஈரானின் பந்தர் அப்பாஸ் ஆகிய இடங்களிலிருந்து நம் ஆட்களைத் தூத்துக்குடிக்கே கொண்டுவந்தது. சென்னையில்தான் இறங்குகிறீர்கள் என்றால், ரொம்ப நாள் கழித்து வருகிறவர்கள் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். தென்மாவட்ட பஸ்கள் இப்போது, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில்தான்.

இனி, கேட்கவே மனசு வராத விஷயம். இப்படி வழியடைத்துக் கிடக்கும்போது ஊரில் நம் வீட்டிலேயே கேதம் ஆனால்?

பிரீசர் பெட்டி ஒன்றரை, இரண்டு நாள் தாங்கும். அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். நம் பக்கம் கோடையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலே நிலைமை மாறிவிடும்; பெட்டி சொல்லும்போதே ஜெனரேட்டரும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மருத்துவமனைப் பிணவறையில் இடம் கேட்க வேண்டும். பெரிய துயர நாட்களில் அங்கே இடம் இருக்காது.

ஆகவே பங்காளிகளும் தாய்மாமனும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "உறுதியான டிக்கெட், தேதி, நேரம் கையில் இருக்கா?" இருந்தால் காத்திருங்கள். "நாளைக்குத் திறந்துருவாங்கன்னு சொல்றாங்க" என்பது டிக்கெட் ஆகாது. அப்போது உடலை எடுத்துவிடுவதே நல்லது. மூத்த மகன் வெளியே மாட்டிக்கொண்டால் தம்பியோ, பேரனோ, பங்காளி பிள்ளையோ கொள்ளி வைக்கட்டும். வெளியே இருப்பவர் போனில் வாய்விட்டுச் சம்மதம் சொல்லுங்கள். அந்தச் சொல் வராமல் ஊரில் எல்லோரும் முடிவெடுக்கத் தயங்குவார்கள், பிறகு வருஷக்கணக்கில் மனத்தாங்கலாக நிற்கும்.

வீடியோவுக்கு ஒரு பையனை மட்டும் பொறுப்பாக்குங்கள். சுடுகாட்டில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். நேரலையை ஒரு போனிலும் பதிவை இன்னொரு போனிலும் வையுங்கள். இரண்டும் முழு சார்ஜில் இருக்கட்டும்.

எரிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அஸ்தியில் ஒரு பங்கைச் சின்னக் கலயத்தில் துணி கட்டி எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் இல்லையென்றால் தோட்டத்து மரத்தில் கட்டலாம். பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி எல்லாம் அதனதன் நாளில் நடக்கட்டும். மாட்டிக்கொண்ட பிள்ளை வந்து சேர்ந்தபின் திருப்புவனத்திலோ இராமேஸ்வரத்திலோ அந்தக் கலயத்தைக் கரைக்கலாம்.

வெளிநாட்டிலேயே நம் ஆள் தவறிவிட்டால், பெயர்தான் முதல் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். உடலை அனுப்பக் குடும்பத்தின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். அதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஈசிஆர் (குடியேற்ற அனுமதி தேவை என்ற) முத்திரையில் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்கும். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275, மூன்று வருஷத்துக்கு 375. பாலிசி எண் தெரியாமல் பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, பாலிசி, மாத்திரை சீட்டு: இந்த ஐந்தின் நகலையும் ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் காகிதமாகவே கொடுத்து வையுங்கள். யார் கையில் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் நம் ஊர்ச் சங்கத்துக்கு எழுதுங்கள். நகலைக் குழுவில் போட வேண்டாம்.