சேர்ச் காசில் குளம் திருத்தலாமா? வெருகல் பக்கத்து வறட்சிக் கதை

வெருகலாறு:
திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றுக்கு உள்ளே எங்கள் ஊர், பெயர் வேண்டாம். ஊர்ச் சின்னக் குளத்தை ஆழமாக்கி, கட்டை உயர்த்தி, துருசையும் (தண்ணீர் திறந்துவிடுகிற மதகு) மாற்றித் தர ஒரு கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் முன்வந்திருக்கிறது. ஊரில் அநேகம் பேர் சைவ ஆட்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் கொஞ்சப் பேர் கோயில் காசு இருக்குது என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். நான் வாங்கச் சொல்கிற பக்கம். 2016 கடைசியில் மாரி மழை பொய்த்து, அடுத்த வருசம் முழுக்க நாங்கள் பட்ட பாடு மறந்துபோச்சா? பங்குனி பிறந்தால் புரட்டாசி வரைக்கும் பிரதேச செயலகத்துத் தண்ணீர்ப் பவுசர் எப்ப வரும் என்று தண்ணீர்ப் பரல் அடுக்கிக்கொண்டு நிற்கிறோம்.

கோணமலையான்:
தம்பி, சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு குழு வந்து சட்டி பானை, அரிசி எல்லாம் கொடுத்தது. கொஞ்ச நாளில் ஜெபக் கூட்டம் தொடங்கியது. போகாத வீட்டுக்கு அரிசி நின்றது. இதைக் கண்ணால் கண்ட ஆள் நான், ஆகவே சும்மா பயப்படுகிறேன் என்று சொல்ல வேண்டாம். அதோடு, 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்கிற சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. சேர்ச்காரர் வந்து திருத்தினால் திணைக்களம் நிம்மதியாகக் கையைக் கழுவிவிடும். அடுத்த முறை கட்டு உடைந்தால் யாரிடம் போவீர்கள்?

கிண்ணியாக் கரை:
அண்ணை சொன்ன மாதிரிக் குழுக்கள் இருந்தது உண்மைதான், ஆனால் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீங்க. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் கரித்தாஸ் (கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு) மாதிரி அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடத்தைக் கோவை எழுதின. உதவியை வைத்து மதமோ அரசியலோ பரப்பக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கு. வருகிறவர்களிடம் முதலில் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்க. எங்கள் முஸ்லிம் ஆட்கள் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. கட்டாயமாகக் கொடுக்கிற ஸகாத் காசு யாருக்குப் போகலாம் என்று வரம்பு இருக்கு, விரும்பிக் கொடுக்கிற ஸதகாவுக்கு அப்படி இல்லை, அதனால் காய்ந்த நேரம் பள்ளிவாசல் ஆட்கள் தமிழ் ஊர்களுக்கும் பவுசர் அனுப்பினார்கள். யாரும் யாரையும் தொழக் கூப்பிடவில்லை.

எனக்கு இருக்கிற கோபம் வேறு. வெளிநாட்டுக் காசில் கடற்கரை மணலில் தோண்டின கிணறுகளைப் பாருங்க. கொடுத்தவர் பேர் பளிங்குக் கல்லில் பளபளவென்று இருக்கும், வாளியை விட்டால் உவர். மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் மிதக்குது, மோட்டர் போட்டு இழுத்தால் கடல் தண்ணீர் ஏறிவிடும். இது தெரியாத ஊர்க்காரன் இல்லை, ஆனால் அவனிடம் யார் கேட்டது?

மண்வெட்டி:
யார் காசு என்பதைவிட எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. குளத்தின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைப்பது களிப் படை. பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து அதைக் கிழித்தால் மாரியில் நிரம்பின குளம் தையிலேயே வடிந்து போகும். இன்னொன்று, துருசு மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்காது. வயலுக்கு அது உதவாது. ஆனால் மாடு குடிக்கும், அயல் கிணறுகளில் ஊற்று நிற்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது சிறுபோக (கோடைகால) வேளாண்மையா, மாட்டுக்குத் தண்ணியா, குடிக்கிற தண்ணியா என்று முதலில் முடிவெடுங்கள். குடிக்கத்தான் என்றால் குளத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வீடு கூரைத் தண்ணீர் பிடிக்கிற தாங்கி கேளுங்கள். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் கொட்டுகிற மழையைக் கடலுக்கு விட்டுவிட்டு ஆடியில் அழுகிற ஆட்கள் நாங்கள்.

கோணமலையான்:
வெட்டின மண்ணையும் மறக்காதே. குளம் ஆழமாக்குகிறோம் என்று வந்து டிப்பர் டிப்பராக மண் ஏற்றி விற்ற கதைகள் இந்த மாவட்டத்தில் இல்லையா? மண்ணை வெளியே கொண்டுபோக சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அதை எந்தச் சாமியார் எடுத்துத் தருவார்?

தம்பலகாமத்து அக்கா:
எல்லாரும் ஆம்பிளைகள் போல, அதுதான் குளத்தை விட்டு வெளியே வருகிறீர்கள் இல்லை. போகம் அழிந்த வீட்டில் முதலில் கதவைத் தட்டுகிறது நுண்கடன்காரன். கிழமைக்கிழமை வந்து முற்றத்தில் குந்தியிருப்பான், காசு கட்டும் வரை எழும்ப மாட்டான், அவனுக்குப் பதில் சொல்கிறது பெண்கள்தான். தாலிக்கொடியை அடகு வைத்து விதைநெல் வாங்கின வீடுகள் எங்கள் ஊரில் இருக்கு. புரட்டாசி முடிய முதல் விதைநெல்லும் உரத்துக்குக் கொஞ்சக் காசும் தருகிற நிறுவனம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை. கோணமலையான் அண்ணை, கோயில் காசு இருக்குது என்று எழும்பிப் போன ஆட்களிடம் ஒன்று கேளுங்கோ: திருவிழாவுக்கு வாணம் விடுகிற காசில் எத்தனை லோட் கல் குளக்கட்டுக்குப் போட்டார்கள்?

கோணமலையான்:
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கோயில் சபைகள் செய்ய வேண்டும். செய்யாததால் மற்றவனிடம் போய் நிற்பது சரி என்று ஆகாது.

வெருகலாறு:
செய்யும் வரை மாடு காத்திருக்குமா அண்ணை? சரி, வாற கூட்டத்தில் நான் இப்படித்தான் கேட்கப் போகிறேன். காசு கமக்காரர் அமைப்பின் கணக்குக்கு வரட்டும். வெட்டும் ஆழத்தைக் கமநல சேவை நிலையத்தின் தொழில்நுட்ப ஆள் குறித்துக் கொடுக்கட்டும். மண் கட்டுக்குத்தான், ஒரு டிப்பரும் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. கட்டில் பெயர்ப்பலகை வேண்டாம். திணைக்களமும் கையெழுத்துப் போட்டால் பிறகு கை கழுவ ஏலாது. விதைநெல் கதையையும் சேர்க்கிறேன் அக்கா.

கிண்ணியாக் கரை:
பலகை வேண்டாம் என்றால் அவங்க மேலிடத்துக்கு என்ன காட்டுவாங்க? போட்டோ எடுக்க விடுங்க, அதோட முடியட்டும்.

கோணமலையான்:
போட்டோவில் நான் நிற்க மாட்டேன். சிரமதானம் என்றால் சொல்லு, மண்வெட்டியோடு வருகிறேன்.