கவின் வீட்டுக் கடல் தொட்டி

ஞாயிறு, காலை

கவின்: தொட்டி வந்து இறங்கியாச்சு! 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. இன்றைக்கே தண்ணீர் ஊற்றி உப்பைக் கலந்துவிட்டால் சாயங்காலம் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன் வாங்கி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். சேகர் மாமா, நீங்களும் வருகிறீர்களா?

சேகர் மாமா: மாப்பிள்ளை, தொட்டி அருமை. ஆனால் மீன் இன்றைக்கு வேண்டாம், இந்த மாதமே வேண்டாம்.

நிலா: ஐயோ மாமா 😭

சேகர் மாமா: என் முதல் தொட்டியில் நான்காவது நாளே மூன்று மீனை விட்டேன், கடையில் விடலாம் என்றார்கள், நானும் நம்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தால் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன. விடிவதற்குள் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, அதில் இருந்த அம்மோனியாதான் கண்ணுக்குத் தெரியவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் விஷம் அது, அதைத் தின்னும் பாக்டீரியா முதலில் தொட்டியில் பெருக வேண்டும், அதுவரை மீன் இல்லாமல் அம்மோனியாவை மட்டும் கொஞ்சம் விட்டு அதை வளர்க்க வேண்டும். இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

அமுதா அத்தை: அது இருக்கட்டும், நீ இருப்பது இரண்டாவது மாடி. தளம் தாங்குமா கவின்?

சேகர் மாமா: நல்ல கேள்வி அக்கா. தண்ணீர் மட்டுமே 190 லிட்டர் வரும், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டிவிடும். பீம் ஓடும் சுவரை ஒட்டி வை, நடு ஹாலில் வைக்காதே, ஒருமுறை இன்ஜினியரிடமும் கேட்டுக்கொள். தண்ணீர் ஊற்றும் முன் ரசமட்டம் வைத்துப் பார். ஒரு மூலை தாழ்ந்திருந்தாலும் பாரமெல்லாம் அந்த மூலையில் இறங்கும், என்றைக்காவது ஒட்டு விட்டுவிடும்.

கவின்: சரி மாமா. சமையலறை ஆர்ஓ தண்ணீரையே ஊற்றலாமா?

சேகர் மாமா: வேண்டாம்டா. அந்த மிஷின் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சாதாத் தண்ணீரையும் சேர்த்தே விடுவார்கள். உனக்கு ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ஃபில்டரும் ஓடி, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். மிச்சம் இருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குச் சாப்பாடு.

அமுதா அத்தை: பெசன்ட் நகர் பக்கத்தில்தானே இருக்கிறது, நாலு குடம் கடல் தண்ணீர் கொண்டு வந்தால் போதாதா?

சேகர் மாமா: அடையாறு முகத்துவாரம் அங்கேதான் அக்கா இருக்கிறது, ஊர்ச் சாக்கடை எல்லாம் கலக்கும் கரை. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்கி லிட்டருக்கு 35 கிராம் வீதம் கலந்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 வருகிறதா பார்க்க வேண்டும். சமையல் உப்பில் பவளத்துக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியம் எல்லாம் கிடையாது. அப்புறம் தினமும் ஆவியாகிற அளவுக்கு உப்புக் கலக்காத அந்த ஃபில்டர் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அமுதா அத்தை: ரசம் சுண்டினால் உப்புக் கரிக்குமே, அது மாதிரியா?

சேகர் மாமா: அதேதான் அக்கா! தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

கவின்: பாறையும் பவளமும் ராமேஸ்வரம் பக்கம் கிடைக்கும் என்று நண்பன் சொல்கிறான், அவனுக்கு ஆள் தெரியுமாம்.

பெரியப்பா: கவின், அதை மட்டும் செய்யாதே ராஜா. பாறை கட்டும் பவளம் எல்லாம் 2001-லிருந்து வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த துண்டை வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். சட்டத்தை விடு, எங்கள் தூத்துக்குடியில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் தெரியுமா? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எண்ணுகிறோம், அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்து நின்ற பாறை போனால் மண் நிற்குமா?

கவின்: இது எனக்குத் தெரியாது பெரியப்பா. கண்டிப்பாக வாங்க மாட்டேன்.

சேகர் மாமா: அண்ணன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள். பாறைக்குச் செயற்கைக் கல் வாங்கு, துளைகள் நிறைய இருந்தால் போதும், பாக்டீரியா குடியேறிவிடும். மீனும் குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்கு. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே க்ளவுன் மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது, கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் காளான் பவளம், ஸோவான்தஸ் மாதிரி மெத்தென்ற வகைகளில் ஆரம்பிக்கலாம், அதையும் பில் போட்டுத் தருபவரிடம் மட்டும். ஸோவான்தஸைத் தொடும்போது கையுறை கட்டாயம், சிலவற்றில் கொடிய விஷம் உண்டு. அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

அமுதா அத்தை: நிலா, கேட்டியா? தொட்டிக்குள் கை விடாதே.

சேகர் மாமா: சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வேண்டும் மாப்பிள்ளை. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்கணும். தண்ணீரை ஓட வைக்கும் அலை மோட்டார் ஒன்றை இன்வெர்ட்டரில் போட்டு வை, கரண்டு போனால் சூடு ஏறுவதற்கு முன்னாலேயே பிராணவாயு குறைந்துவிடும்.

36-ஆம் நாள், இரவு

கவின்: மாமா, பாக்டீரியா தயாரா என்று பார்க்க நேற்று ராத்திரி அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி விட்டேன். இப்போது சோதித்தேன், சோதனைக் குழாயில் வெளிர் மஞ்சள்தான், அம்மோனியாவைக் காட்டும் பச்சை துளியும் இல்லை. அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம். மணல் முழுக்கப் பழுப்பாகப் படிந்திருக்கிறது, துடைக்கட்டுமா?

சேகர் மாமா: அது டையாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் வரும், தானே போகும். 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா? பாக்டீரியா தயார்டா மாப்பிள்ளை! கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் ஏறியிருக்கும், பாதித் தண்ணீரை மாற்றிவிடு.

நிலா: அப்போ மீன்???

சேகர் மாமா: ஞாயிற்றுக்கிழமை போகலாம் கண்ணு. இரண்டே இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியது பெண்ணாக மாறிவிடும், சண்டை வராது.

நிலா: நான் ஆறு மணிக்கே ரெடி ஆகிவிடுவேன் 🐠