கொரோனாக் காலத்தில் சந்திக் கடைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? கொழும்புக்காரர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரன்:
2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்றதும் சுப்பர் மார்க்கெட் வாசல்களில் சனம் முண்டியடித்தது நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையிலிருந்து போனவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன்பிறகு எங்களுக்குச் சோறு போட்டது சந்தியில் இருக்கும் சின்னப் பலசரக்குக் கடைதான்.

கடைக்காரர் எப்படியோ அலைந்து ஊரடங்கு பாஸ் எடுத்துவிட்டார். இரவில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சாமான் சொல்லுவோம். காலையில் அவர் மகன் பையைக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டு, மணியை அடித்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பான். காசை ஒரு ஜாம் போத்தலில் போட்டு மதிலில் வைப்போம். மிச்சக் காசு அடுத்த நாள் பையோடு வரும். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்காமல் இருந்ததற்கு அந்தப் பையன்தான் காரணம்.

பருப்பு கிலோ 65 ரூபாய், டின் மீன் 100 ரூபாய் என்று அந்த மார்ச்சில் அரசு கட்டுப்பாட்டு விலை போட்டது. நல்ல எண்ணந்தான். ஆனால் எங்கள் கடைக்காரர் கொள்முதல் செய்ததே அதைவிடக் கூட. நட்டத்துக்கு விற்கவும் முடியாது, கூட்டி விற்றால் வழக்கு. "பருப்பப் பத்திக் கேக்காதீங்க தம்பி, கடலை இருக்கு, எடுங்க" என்றார். நாலைந்து கிழமை கடலைக் கறிதான். உங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லுங்கள்.

புறக்கோட்டைக் கணக்கர்:
தம்பி சொன்ன கதையின் மறுபக்கம் என்னிடம் இருக்கிறது. நான் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவன். அங்கே வியாபாரம் ஓடுவது காசில் இல்லை, பிறகொரு நாள்தான் மாற்றக்கூடிய பின்திகதியிட்ட செக்கில். சந்திக் கடைக்காரர் எங்களுக்கு செக் தருவார், நாங்கள் இறக்குமதிக்காரருக்குத் தருவோம். ஊரடங்கு வந்ததும் இந்தச் சங்கிலி அப்படியே நின்றுவிட்டது. விற்காத சாமானுக்கு யார் காசு கட்டுவது?

நாட்டாமைமார் நிலை அதைவிட மோசம். முதுகில் மூட்டை சுமந்து அன்றன்றைக்கு உழைக்கிறவர்களுக்குத் தெரு மூடினால் அன்றே வருமானம் இல்லை. அரசு கொடுத்த 5,000 ரூபாய்க்குக் கிராம சேவகரிடம் பதிவு இருக்கவேண்டும். வெளியூரிலிருந்து வந்து கடை மாடியில் தூங்குகிறவருக்குக் கொழும்பில் ஏது பதிவு?

மத்திய வங்கி 4 வீத வட்டியில் தொழில் மூலதனக் கடன் திட்டம் ஒன்றை அறிவித்தது. எங்கள் வாடிக்கையாளர் பலர் போய்க் கேட்டார்கள். வியாபாரப் பதிவு, கணக்கறிக்கை, வரி இலக்கம் என்று வங்கியில் பட்டியல் நீட்டினார்கள். கொப்பியில் பென்சிலால் கணக்கு வைக்கிற மனிதர் எதைக் காட்டுவார்?

ஆகவே சின்னக் கடைக்கு உதவுவது என்றால் என் கண்ணில் ஒன்றுதான்: அந்தக் கடையில் நாம் வைத்த பழைய கடனைத் தீர்ப்பது. புதிதாக வாங்குவதுகூட இரண்டாம் பட்சம். அந்த ஏப்ரலில் சம்பளம் வந்த அரச ஊழியர்கள் சிலர் கொப்பிக் கணக்கை முழுக்கக் கட்டினார்கள். அந்தக் காசுதான் எங்களிடம் ரொக்கமாக வந்து, அரிசி மூட்டையாகத் திரும்பிப் போனது.

வெள்ளவத்தைச் சமையல்காரி:
நான் கந்தோர்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து வந்தேன். கந்தோர்கள் வீட்டுக்குப் போனதும் என் அடுப்பு அணைந்தது. அப்புறம் ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவி, மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை எல்லாம் தனிமைப்படுத்தப்பட்டபோது ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். "அக்கா, அப்பாவுக்குச் சீனி எகிறிப்போச்சு, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், ஏதாவது செய்து தாங்கோ" என்றார்.

குரக்கன் பிட்டு, முருங்கை இலை வறை, பால் விடாத பருப்பு. இவ்வளவுதான் தொடக்கம். ஓட்டோக்காரத் தம்பி பொலிஸ் தடை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கிருந்து தொடர்மாடிக்கு உள்ளே யாராவது எடுத்துப்போவார்கள். நாலாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். ஒரு கூடையில் காசோடு டெட்டோல் போத்தலும் இருந்ததாம், பார்சலுக்கு அடிக்கச் சொல்லி!

மருந்துக்கு எங்கள் ஆட்கள் அலைந்தது தனிக் கதை. முதல் ஊரடங்கில் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பினார்கள், அது பெரிய உதவி. பிரஷர், சீனி உள்ளவர்களுக்கு கொரோனா கடுமையாக வரும் என்று தெரிந்த பிறகும் மருந்தை விட்டுவிட்டு வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் மட்டும் அவித்துக் குடித்தவர்களை எனக்குத் தெரியும். தொண்டைக்கு இதமாக இருக்கும், சரி. அதற்காகச் சீனிக்குக் குடிக்கிற மெட்ஃபோமினை நிற்பாட்டுவதா?

இன்னொன்று: செயலி வழியாக ஓடர் போட்டால் என் பங்கில் ஒரு துண்டு போய்விடும். நேரே போன் பண்ணினவர்களால்தான் மிஞ்சினேன்.

பம்பலப்பிட்டி மாடிவீட்டுக்காரி:
எங்கள் பக்கத்துத் தையல்காரர் சாரி பிளவுஸ் மட்டும் தைத்தவர். கல்யாணம் எல்லாம் நின்றுபோய்க் கை ஓய்ந்திருந்தவரை முகக்கவசம் காப்பாற்றியது. 2020 ஜூனில் உலக சுகாதார அமைப்பு துணிக் கவசம் மூன்று அடுக்காக இருக்கட்டும் என்று சொன்னதைப் படித்துக் காட்டினேன். உள்ளே பருத்தி, வெளியே ஈரம் உறிஞ்சாத துணி. லைனிங் துணி மூட்டை அவரிடம் ஏற்கெனவே கிடந்தது. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் புகை படியாமல் இருக்க மூக்குப் பக்கம் மெல்லிய கம்பி வைத்துத் தைத்தார். அந்தக் கம்பிக்காகவே மூன்று மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

முகத்துவாரத்தான்:
மீனைப் பற்றி யாருமே பேசவில்லையே. பேலியகொடைச் செய்திக்குப் பிறகு எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். மீன் வழியாகத் தொற்றவில்லை, சந்தையில் ஆட்கள் நெருங்கி நின்றதால் தொற்றியது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்தே காட்டினார். அதற்கும் சிரித்தார்களே ஒழிய வாங்கவில்லை.

அதே ஆட்கள் டிசம்பரில், கொரோனாவைக் குணமாக்கும் என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணி மருந்துக்கு ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டத்தை டிவியில் பார்த்து, "நமக்கும் ஒரு போத்தல் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். கொதிக்கிற குழம்பிலிருக்கும் மீனுக்குப் பயம், தோளோடு தோள் உரசும் வரிசைக்குப் பயமில்லை!

எல்லாச் சின்னக் கடையும் சாமி இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் கடை முதலாளி ஒருவர் கூப்பன் அரிசிமாவைக் கலந்து மஞ்சள்தூள் என்று விற்றார். இன்றைக்கும் அந்தப் படியில் நான் ஏறுவதில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணன் சொன்ன கொப்பிக் கணக்கு உண்மை. எங்கள் சந்திக் கடை கொரோனாவைத் தாண்டிவிட்டது. 2022இல் விலை ஏறிய வேகத்தில்தான் கடைக்காரர் ஆடிப்போனார். இன்று வாங்கிய காசுக்கு நாளைக்குச் சாமான் போட முடியாது என்றால் யாரால் கடன் கொடுக்க முடியும்? இப்போது கடை சின்னதாகிவிட்டது, அரிசியும் முட்டையும் போன் ரீலோடும்தான்.

வெள்ளவத்தை அக்கா, குரக்கன் பிட்டு இன்னும் கொட்டாஞ்சேனைப் பக்கம் வருமா? அம்மா கேட்கிறா.

வெள்ளவத்தைச் சமையல்காரி:
சனிக்கிழமைகளில் மட்டும் தம்பி. வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கோ. கூடை தேவையில்லை, ஓட்டோத் தம்பி இப்போது மேலேயே ஏறி வருவார்.