ஆளில்லாத பழைய வீட்டைப் படம் எடுத்தேன், என் கார் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்

வேதாரண்யத்தான்: வணக்கம். நேற்று மாலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கனடாவில் இருக்கிறேன். பறவை பார்க்கலாம் என்று தனியாகக் கிராமத்துப் பக்கம் காரில் போனேன். சரளைச் சாலை ஓரத்தில் கூரை சரிந்த ஒரு மர வீடு. கதவு இல்லை, வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. கொஞ்ச நேரம் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், என் காருக்குப் பின்னால் ஒரு பிக்கப் நிற்கிறது. பெரியவர் ஒருவர் இறங்கி, இங்கே என்ன வேலை என்று கேட்டார். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலமே வரவில்லை. கார் நம்பரை போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போலீஸ் வருமா? பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வின்னிபெக் வாசி: சகோ, முதல் வருஷம் நகரத்தை விட்டு வெளியே போகவே கூடாது. நான் வந்த முதல் ஜனவரியில் ஒரு சாலையில் பனிக்குள் கார் இறங்கிவிட்டது. மைனஸ் 31. போனில் சிக்னல் இல்லை. காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது என்று எங்கேயோ படித்தது நினைவிருந்ததால் தப்பித்தேன். பின்னால் போய் புகைக்குழாயை மூடிய பனியைக் கையால் தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டினேன். நான்கு மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. இன்றைக்கும் விரல் நுனி இரண்டில் உணர்ச்சி குறைவு. மெழுகுவர்த்தி, கம்பளி, மண்வெட்டி இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஸ்கார்பரோ அக்கா: தம்பி, பயப்பட வேண்டாம். ஆளில்லாத வீட்டுக்கு ஆர் சொந்தக்காரர்? படம் எடுத்ததற்கெல்லாம் இங்கே பொலிஸ் வராது. நான் 1991 இல் வந்தபோது எட்டுப் பேர் ஒரு பேஸ்மெண்டில் இருந்தோம். வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் பயம் போக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. உங்களுக்கும் போகும். முதலில் சாப்பிடுங்கள்.

கோதுமைக்காடு: அக்கா, மன்னிக்கவும், அது சரியில்லை. ஆள் குடியில்லாத வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. சுற்றியிருக்கும் வயலை யார் உழுகிறாரோ, பெரும்பாலும் அவருடைய குடும்பத்துடையதாக இருக்கும். சஸ்காட்செவன் மாகாணத்தில் 2022 ஜனவரி 1 முதல் சட்டம் மாறிவிட்டது. பலகை இல்லாவிட்டாலும் கிராமப்புற நிலத்தில் கால் வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். முன்பு, தடுத்துப் பலகை வைப்பது நிலக்காரர் வேலையாக இருந்தது. இப்போது கேட்பது நம் வேலை. தம்பி எந்த மாகாணம் என்றே சொல்லவில்லையே? சாலையிலேயே நின்றீர்களா, உள்ளே போனீர்களா? கார் யாருடையது?

நெல்லைப் பறவை: என்ன கேமரா, என்ன லென்ஸ்? எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். கார்தான் நல்ல மறைவிடம். மனிதனைக் கண்டால் பறக்கும் பருந்து காரைக் கண்டால் உட்கார்ந்தே இருக்கும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, ஒரு கிலோ துவரம்பருப்பைப் போட்டுத் தைத்து ஜன்னல் விளிம்பில் வையுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் படம் கெடும்.

மே மாதம் என்றால் சாப்ளின் ஏரிக்குப் போங்கள், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. அவோசெட் வரும். கோடியக்கரையில் பார்த்திருப்பீர்களே கோணமூக்கு உள்ளான், அதன் உறவுதான், இங்கே தலையும் கழுத்தும் செம்பழுப்பு. இலையுதிர் காலத்தில் லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடகோடி. 1887 இல் ஒதுக்கியது, வட அமெரிக்காவின் முதல் அரசுப் பறவைச் சரணாலயம். ஆயிரக்கணக்கில் நாரைக்கூட்டம் இறங்கும்போது அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

பிராம்ப்டன் பாலா: பறவை இருக்கட்டும். பன்னிரண்டு வருஷ அனுபவத்தோடு வந்தவனிடம் கனடா அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் இரவு கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். வாடகையில் பாதிச் சம்பளம் போகிறது.

வின்னிபெக் வாசி: வாடகையாவது பரவாயில்லை. கார் இன்சூரன்ஸ், போன் பில், குழந்தைகளின் பனிக்காலணி. ஒரே வருஷத்தில் கால் வளர்ந்துவிடுகிறது.

ஸ்கார்பரோ அக்கா: ஊரில் இருந்து காசு கேட்டு எடுக்கும் போன்களையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

வேதாரண்யத்தான்: சஸ்காட்செவன்தான், ரெஜைனா நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். கார் நண்பனுடையது. உண்மையைச் சொல்கிறேன், வாசல் தாண்டி உள்ளே போனேன். சுவரில் பழைய காலண்டர் தொங்கியது, அதற்காகப் போனேன். நான் வந்து நான்கு மாதம் ஆகிறது, தமிழ்நாட்டு லைசென்ஸ் வைத்து ஓட்டுகிறேன்.

மூஸ்ஜா மாமி: இப்போதுதான் விஷயமே தெரிகிறது. வயலை விட லைசென்ஸ்தான் எனக்குக் கவலை. இந்த மாகாணத்தில் குடியேறினால் பழைய லைசென்ஸை 90 நாள்தான் பயன்படுத்தலாம். அது முடிந்துவிட்டது. இந்திய லைசென்ஸை நேராக மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. இன்றே எஸ்ஜிஐயில் (இங்கே லைசென்ஸும் கார் இன்சூரன்ஸும் தரும் மாகாண நிறுவனம்) தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்கள் நண்பரும் மாட்டியிருப்பார். அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மனைவியிடமும்.

நிலத்தில் நுழைந்தது மாகாணச் சட்டத்தின் கீழ் வரும் அபராத விஷயம், கிரிமினல் வழக்கு இல்லை. கடிதம் ஏதாவது வந்தால் மட்டும் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் அப்படியே காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. உள்ளே தூசி கிளப்பினீர்களா? இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மான் எலி குடியிருக்கும். அதன் எச்சம் கலந்த தூசியைச் சுவாசித்தால் ஹான்டா வைரஸ் வரலாம். அரிதுதான், ஆனால் நுரையீரலைப் பிடித்தால் உயிருக்கு ஆபத்து. அடுத்த எட்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், எலி இருந்த வீட்டுக்குள் போனேன் என்று டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். தரைப்பலகை உளுத்திருக்கும், புல்லுக்குள் மூடாத கிணறும் இருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் தொடை வரைக்கும் தரைக்குள் இறங்கினான்.

அந்தப் பெரியவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தில் டீசல், கருவி எல்லாம் திருட்டுப் போகிறது, போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். தெரியாத கார் நின்றால் நம்பரைக் குறிப்பது அவர்கள் வழக்கம். அந்த வட்டார நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் விற்பார்கள், எந்த நிலத்துண்டு யாருடையது என்று அதில் பெயரே போட்டிருக்கும். நண்பரை ஓட்டச் சொல்லி, பகலில் போய்க் கதவைத் தட்டுங்கள். பேச வராவிட்டால் எழுதி எடுத்துப் போங்கள். நான் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன், இரண்டே பேர்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். அந்தக் களிமண் சாலை டயரில் சேப்பங்கிழங்கு மசியல் மாதிரி அப்பிக்கொள்ளும்.

வேதாரண்யத்தான்: பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நண்பன் முதலில் திட்டினான், பிறகு அவனே ஓட்டி வந்தான். முதல் தடவை வீட்டில் ஆளில்லை, சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தோம். இரண்டாம் தடவை பெரியவர் இருந்தார். அதிகம் பேசவில்லை. அது அவருடைய அம்மா பிறந்த வீடாம். அந்தக் காலண்டர் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். முதுகுவலியால் அவர் உள்ளே போய்ப் பல வருஷம் ஆகிறதாம். அனுப்பச் சொல்லி மகளின் மின்னஞ்சலை எழுதிக் கொடுத்தார்.

இனி வருவதற்கு முன் போன் செய்ய வேண்டும், வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்றார். பின்னால் இருக்கும் கொட்டகை உத்தரத்தில் கொம்பு ஆந்தை இரண்டு குஞ்சுகளோடு இருக்கிறது, அவை பறந்து போகும் வரை அந்தப் பக்கம் வேண்டாம் என்றும் சொன்னார். சாலையிலிருந்தே தாய் ஆந்தையைக் காட்டினார்.

எழுத்துத் தேர்வு வியாழக்கிழமை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். நெல்லைப் பறவை அண்ணா, என்னிடம் 70-300 லென்ஸ்தான் இருக்கிறது. சாலையிலிருந்து அந்தக் கொட்டகை நூறு மீட்டர் இருக்கும், போதுமா?

நெல்லைப் பறவை: ஆந்தை சின்னதாகத்தான் விழும் தம்பி. கொட்டகையையும் சேர்த்தே எடுங்கள், மாலை வெயில் பலகை மேல் விழும்போது.