ஏறிய விசில் ஏன் இறங்கியது?

ஒலி போன்ற சிக்னல்களை எண்களாக்கிக் கையாளும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்), ஐந்தாம் செமஸ்டரில் எனக்கு வெறும் கணக்குப் பாடமாகத்தான் இருந்தது. ஒரு சிக்னலில் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று வேகமாகக் கணக்கிடும் முறை எஃப்எஃப்டி. எட்டு எண்களுக்கான எஃப்எஃப்டிக்குப் பட்டர்ஃபிளை என்ற படம் போடுவேன். அதில் எண்களை அடுக்கும் 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்ற வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வரும். இன்டர்னலில் மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த எண்களுக்கும் காதில் விழும் சத்தத்துக்கும் என்ன உறவு என்று யோசித்ததே இல்லை.

ஒரு நாள் லேபில் மேடம் ஒரு சைன் அலையை உருவாக்கச் சொன்னார். அதிர்வெண் பூஜ்யத்தில் தொடங்கி, பத்து நொடியில் 8,000 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏற வேண்டும். சாம்ப்ளிங், அதாவது அலையின் அளவை எண்ணாக எடுப்பது, நொடிக்கு 8,000 தடவை. டிஜிட்டல் டெலிபோனில் குரலுக்கு வைத்த அதே கணக்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். ஐந்து நொடிக்கு விசில் மேலே மேலே போனது. அப்புறம் அப்படியே திரும்பி, இறங்கி இறங்கி, முனகலாகி அடங்கிவிட்டது.

புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு முறை திருத்தி எழுதினேன். மறுபடியும் அதே இறக்கம். "புரோகிராம் சரிதான்மா. ஐயாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் கோசைன் மதிப்பைக் கையால போட்டுப் பாரு" என்றார் மேடம். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டேன். 5,000 ஹெர்ட்ஸுக்கு 1, -0.707, 0, 0.707, -1. அடுத்து 3,000. 1, -0.707, 0, 0.707, -1. கால்குலேட்டரை வைத்துவிட்டு அந்த இரண்டு பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு எட்டாயிரம் தடவைதான் எட்டிப் பார்க்கிறோம். நடுவில் அலை எத்தனை சுற்று சுற்றியது என்று எண்களுக்குத் தெரியாது. அந்த எட்டாயிரத்தில் பாதியைத் தாண்டிய எதுவும், அதாவது 4,000-க்கு மேல் போன எதுவும், கீழே இன்னொன்றின் வேஷத்தில் வந்து நிற்கும். அலியாசிங் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

முதல் வகுப்பில் வரைந்த பிளாக் டயகிராமில் ஏடிசிக்கு, அதாவது சிக்னலை எண்களாக மாற்றும் பகுதிக்கு, முன்னால் ஒரு ஃபில்டர் பெட்டி இருக்கும். பிறகு கணினியிலேயே வடிகட்டிக்கொள்ளலாமே, அது எதற்கு என்று நினைத்திருந்தேன். முடியாது. 5,000 உள்ளே வந்து 3,000-இன் எண்களாக உட்கார்ந்துவிட்டால், உண்மையான 3,000-ஐத் தொடாமல் அதை மட்டும் எடுக்க எந்த ஃபில்டராலும் ஆகாது. சிடிக்குச் சாம்ப்ளிங் நொடிக்கு 44,100 வைத்ததும் அப்போதுதான் பிடிபட்டது. காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை என்றால் அதன் இரு மடங்கான 40,000 போதாதா? போதாது. ஃபில்டர் ஒரே வெட்டாக வெட்டாது. சரிந்து இறங்க அதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

டிஎஸ்பி புதிதாகப் படிக்கிறவர்கள் சாம்ப்ளிங் தேற்றத்தை எழுதுவதற்கு முன்னால் இந்த விசிலை ஒரு முறை கேட்டுவிடுங்கள். பத்து வரி புரோகிராம், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் வேண்டும்.

அன்று மணி அடிப்பதற்குள் சாம்ப்ளிங்கை 22,050 ஆக்கி மறுபடி ஓட்டினேன். பத்து நொடியும் விசில் ஏறிக்கொண்டே போனது.